ஏழு பாட்டும் ஒரு கதையும்

"பியானோ மேல கப்பு வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் போட்ட சத்தத்தில் கூடம் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும், "விடும்மா, இன்னைக்குப் போய்..." என்று இழுத்தாள். அவள் விடவில்லை. காகிதக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துக்கொண்டு, பளபளப்பான மரத்தில் வட்டம் வட்டமாகப் படிந்திருந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

பியானோவை ஒட்டிப் போட்ட கட்டிலில் அப்பா கிடந்தார். வேறு இடமில்லை. அந்த வீட்டில் பியானோ போக மிச்சம்தான் கூடம். கழுத்துவரை வெள்ளை விரிப்பு. காலையில் முகம் துடைத்தபோது காதோரம் தப்பிப்போன சோப்பு நுரை காய்ந்து அப்படியே இருந்தது.

வாசலில் டிரம்ஸ் மாமா யாரிடமோ கதையைத் திரும்பவும் தொடங்கியிருந்தார்.

"பியானோ கட்டை மேலயே சாஞ்சிட்டாருப்பா. சாஞ்சப்போ ஒரு சத்தம் வந்திருக்கு பாரு, அதுகூட அபஸ்வரம் இல்ல. அப்படியொரு மனுஷன்."

காலையில் மாமாவுக்குப் போன் செய்தது அவள்தான். அப்பாவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போகப் பாதி வழி வந்திருந்தவர், காரைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு மூன்று மாடியும் ஓடி ஏறினார். அதற்குள் அப்பாவைக் கட்டிலில் கிடத்தியாகிவிட்டது; வந்தவர் கண்ணில் முதலில் பட்டது திறந்து கிடந்த பியானோ. முதல் ஆளிடம், "பியானோ திறந்தே இருந்துச்சு" என்றுதான் சொன்னார். அது உண்மை. அடுத்த ஆளிடம், "அப்பதான் வாசிச்சிட்டு எழுந்திருக்கார்" என்றார். மூன்றாவது ஆளிடம் அப்பா எழுந்திருக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் தலையும் சாய்ந்து, சத்தமும் வந்துவிட்டது. ஒருமுறை வாசித்ததை மறுமுறை அப்படியே வாசிக்கத் தெரியாத கூட்டம். ஜாஸ் என்றாலே அதுதான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். சாவையும் இப்படி வாசிப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

முதலில் அவள் மறுக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடவும் சான்றிதழ் வாங்கவும் வண்டிக்குச் சொல்லவும் ஆள் அவள் ஒருத்திதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இதுதான் லாபம்: கையெழுத்து வேண்டிய இடமெல்லாம் உன்னுடையது. தவிரவும், கதை கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள்.

அப்பாவின் வாழ்க்கையில் கேட்க நன்றாக இருக்கும் சங்கதி அதிகம் இல்லை. இருபத்தைந்து வருஷம் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் பியானோ வாசித்தார். வாசிப்பு யார் பேச்சையும் தொந்தரவு செய்யக்கூடாது, அதற்குத்தான் சம்பளம். பிறந்தநாள் பாட்டு கேட்டால் பிறந்தநாள் பாட்டு. அதற்குள்ளும் இடதுகையால் எதையாவது நுழைத்துவிடுவார். மேனேஜர் வந்து கனைப்பார். பாடகிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த ஆல்பங்கள் ஒரு டஜன் தேறும். எதன் அட்டையிலும் அவர் பெயர் இருக்காது. இருந்தால் பூதக்கண்ணாடி வேண்டும். போன வருஷம்தான் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் வந்து, உங்கள் பெயரிலேயே போடலாம், பியானோ, பேஸ், டிரம்ஸ், மூன்றே பேர் என்றார். அப்பாவுக்கு இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னது அதற்கு அடுத்த மாதம். எட்டுப் பாட்டில் ஏழு முடிந்திருந்தது. எட்டாவது இன்று.

கம்பெனிக்காரர் அவளைத் தேடி வந்தார். நிஜமாகவே அழுதிருந்தார், மூக்கு சிவந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்மா. அட்டையில ஒரு வரி போடணும். இதைக் கொஞ்சம் பாருங்க."

போனை நீட்டினார். 'எட்டாவது பாட்டை வாசித்துக்கொண்டிருக்கையில் அவர் விரல்கள் ஓய்ந்தன' என்றிருந்தது.

"எட்டாவதை அவர் வாசிக்கவே இல்லையே?"

"அதானே விஷயம். எட்டாவது இடத்துல ஒரு நிமிஷம் மௌனமா விட்டுடலாம்னு இருக்கோம். கேக்கறவங்களுக்கு அப்படியே தூக்கிப் போடும்."

"அந்த ஒரு நிமிஷத்துக்கும் காசு வாங்குவீங்களா?"

ஜன்னலோரம் நின்றிருந்த பேஸ்காரர் இருமலை விழுங்கினார். ஆறடிக்கு மேல் வளர்ந்த அவரை ஊரே குட்டி என்றுதான் கூப்பிடும்.

"கோவப்படாதீங்கம்மா. அப்பாவுக்கு ஒரு மரியாதை..."

"அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

அம்மா கூடத்துக்கே வரவில்லை. மத்தியானம் வேலையிலிருந்து ஓடிவந்து, வாசலிலேயே மாமா வாயால் கதையைக் கேட்டு, அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போனவள்தான். சோபாவில் இரண்டு பெண்கள், "ஒரு சொட்டு தண்ணி வரலையே கண்ணுல" என்று மகளின் காதில் விழும்படியே ரகசியம் பேசியிருந்தார்கள்.

உள்ளே அம்மா அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதே ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு அவளுக்கு. மேலே அவர் வாசிப்பது காற்றுக் குழாய் வழியாகக் கீழே கேட்குமாம், அப்படித்தான் ஆரம்பித்ததாம். இப்போது காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போதும்மா. துணி தீயற வாசனை வருது."

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். திரும்பாமல் கேட்டாள்:

"எந்தப் பாட்டு?"

"என்ன எந்தப் பாட்டு?"

"விழுந்தப்போ வாசிச்சிட்டிருந்தது."

அவள் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"காலையில சண்டை போட்டோம்ல. நீ குளிச்சிட்டிருந்த. ஸ்டூடியோவுக்குப் போவேன்னார். டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேன். ஒரே ஒரு பாட்டுதானேன்னு சிரிக்கிறார்." அம்மா சட்டையின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். "அந்தப் பியானோப் பெட்டி மேலயே விழுந்து சாவுங்கன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினேன். கதவை வேற படார்னு சாத்தினேன்."

கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. அப்படியொரு மனுஷன், அப்படியொரு மனுஷன்.

"நான் சொன்ன மாதிரியே செஞ்சிட்டார் பாரு" என்றாள் அம்மா. "என் பேச்சை என்னைக்குக் கேட்டார் அவர்? இதை மட்டும் கேட்டுட்டார்."

"அம்மா, அவர் வாசிக்கவே இல்லம்மா."

"எனக்காகச் சொல்லாத."

"உனக்காக நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்? பியானோவைத் திறந்து ஈரத்துணியால கட்டையைத் துடைச்சார். அவ்வளவுதான். பால்கனிக்கு வந்து உக்காந்தார். நகம் வெட்டி விடுன்னார்."

அம்மா முதல்முறையாகத் திரும்பினாள்.

நகம் விஷயம் அம்மாவுக்குத் தெரியும். ரெக்கார்டிங்கின் முதல் நாள், எங்கேயோ கடிகாரம் ஓடுகிறது என்று ஸ்டூடியோக்காரர் வாசிப்பை நிறுத்தியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தை எடுத்து வெளியே வைத்தார்கள். மாமாவின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கினார்கள். குட்டியின் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கடைசியில் அது அப்பாவின் நகம். ஓட்டல் இரைச்சலில் இருபத்தைந்து வருஷமாக யாருக்கும் கேட்காத டிக் டிக், அத்தனை மைக்குக்கு முன்னால் பல்லிளித்துவிட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அது ஒரு பைத்தியம். வெள்ளையாக ஒரு இழை தெரிந்தால்கூட பியானோவைத் தொடமாட்டார். வெட்டி வெட்டித் தன் கையே நடுங்குகிறது என்று மகளிடம் நீட்டுவார்.

காலையிலும் நீட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து வலதுகையை மடியில் வைத்துக்கொண்டாள். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தாள். "உங்களுக்கு வேலைக்காரி ஒருத்தி போதாது" என்றும் சொன்னாள். அவர் சிரித்தார்.

"சுண்டு விரலை மட்டும் பாத்து வெட்டு. அவன்தான் பாவம், எல்லாத்துலயும் தூரமா ஓடற பய."

சுண்டு விரலுக்கு வந்தபோது கை கனத்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். அந்த நகத்தையும் பார்த்துப் பார்த்து வெட்டி, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு, "இந்தாங்க, அடுத்த கை" என்று நிமிர்ந்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

இதை அவள் அம்மாவிடம் இந்த ஒழுங்கில் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக, இரண்டு தடவை திட்டிக்கொண்டு, சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வெளியே நடந்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. சோபாப் பெண்கள் எழுந்து, கட்டிப்பிடித்து அழத் தயாராகக் கையை விரித்தார்கள். அம்மா அவர்களைத் தாண்டிக் கட்டிலுக்குப் போனாள். விரிப்பை இடுப்புவரை மடித்தாள். வேலையில் விரிப்பு மடிக்கும் அதே மடிப்பு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. அப்பாவின் கைகள் வயிற்றின்மேல் இருந்தன. எடுக்கப் பார்த்தாள். கை விறைத்துப்போயிருந்தது, வரவில்லை. அதனால் அவளே மண்டியிட்டு முகத்தை அருகில் கொண்டுபோனாள்.

வலதுகை நகங்கள் சதையோடு ஒட்டியிருந்தன. இடதுகையில் ஐந்திலும் வெள்ளை விளிம்பு. அம்மா ஒவ்வொன்றின்மேலும் கட்டைவிரலால் தடவினாள். எண்ணுவதுபோல இல்லை. கறை போய்விட்டதா என்று துணியைத் தடவிப் பார்ப்பதுபோல.

"இந்த நகத்தோட தொட்டிருக்க மாட்டார்" என்றாள், யாருக்கும் இல்லாமல்.

டிரம்ஸ் மாமா மெதுவாக உள்ளே வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"அவர் வாசிக்கல, மாமா" என்றாள் மகள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "கட்டை மேல சாயல. ஒரு சத்தமும் வரல. பால்கனில நாற்காலியில உக்காந்து, நகம் வெட்டிக்கிட்டிருந்தப்போ செத்தார். நான்தான் வெட்டினேன். வேணும்னா அதை அட்டையில போடச் சொல்லுங்க."

மாமாவின் முகம் சுருங்கியது. "நான்... பியானோ திறந்திருந்துச்சேம்மா."

"துடைச்சிட்டு மூட மறந்துட்டார்."

கம்பெனிக்காரர் போனை இன்னும் கையில் பிடித்திருந்தார். "பரவாயில்லம்மா, வேற மாதிரி எழுதிக்கலாம்..."

"ஏழு பாட்டு இருக்குல்ல? அதை அவர்தானே வாசிச்சார்? அது போதாதா உங்களுக்கு? சாவு வேற வேணுமா?"

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். குட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவ்வளவு பெரிய முதுகு குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் பால்கனிக்குப் போய் நகவெட்டியைத் தேடி எடுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தக் கையையும் முடிச்சிடறேன்மா."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

"இருக்கட்டும். இனிமே எந்த மைக்குக்கு?"

அப்பாவின் இடதுகையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். காதோரத்தில் காய்ந்திருந்த நுரையை முந்தானை நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். சோபாப் பெண்கள் எதிர்பார்த்தது அப்போதும் வரவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"குட்டி, அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. அவர் கண்ணுல வெயில் அடிக்குது."

குட்டி இழுத்துவிட்டார். வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடி, பாதியில் மாட்டிக்கொண்டு, பிறகு முழுக்க மூடின.