இருபத்தொரு நாள் இலவசம்

சிரிப்புக்காரி காலை ஐந்தரை மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் வந்துவிடுவாள். சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்த போனுக்குள் நின்றுகொண்டு, "உங்களுக்காக நீங்களே ஒதுக்கும் இருபது நிமிடம்!" என்பாள். குனிந்தாலும் சிரிப்பு, நிமிர்ந்தாலும் சிரிப்பு. சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்கிறவளுக்குத் தொடை வெடவெடவென்று நடுங்குகிற நேரத்திலும் அவள் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருப்பாள். தராசக்காவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். இருபத்தொரு நாள் இலவசம். அதற்குப் பிறகு தொடர வேண்டுமென்றால் மூன்று மாதப் பயிற்சியை மொத்தமாக வாங்க வேண்டும். வாங்குவதா, வேண்டாமா?

மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றும். தராசக்காவுக்கு அந்தக் கேள்வியின் மேல்தான் புருஷன் படுத்திருந்தார்.

தராசக்கா என்பது கூரியர் ஆபீஸில் விழுந்த பெயர். பதினாறு வருஷமாக முன் கவுண்டரில் பார்சல் வாங்குகிறாள். கையில் வாங்கும்போதே எண்ணூறு கிராம் என்பாள். மெஷினில் வைத்தால் எண்ணூற்றுப் பத்து காட்டும். "அந்தப் பத்து கிராம் மெஷினோட தப்பு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். ரசீது போடுகிற பெண் விளையாட்டாகக் கூப்பிடப்போய், இப்போது மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

புருஷனை எடை போட மெஷின் தேவையில்லை. தொண்ணூறு கிலோ. பிளம்பர். மாடி மாடியாக இரும்புக் குழாயைத் தோளில் சுமந்து ஏறிய உடம்பு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பல் விளக்கும்போது வாய் கோணிக்கொண்டு சரிந்தார். வலது கையும் காலும் போனது போனதுதான். இடது கையால் தானே சாப்பிடுவார். பேச்சு குழறும், ஆனால் புரியும். கிண்டலும் எங்கேயும் போகவில்லை. பயிற்சி ஆரம்பித்த முதல் நாளே, "என்ன, இந்த வயசுல என்னைப் போட்டு அடிக்கிறதுக்குத் தயார் பண்றியா?" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்.

அவளும் விடவில்லை. "ஆமா. வாங்கிக் கட்டிக்க ரெடியா இருங்க."

எதற்கு இந்தக் கூத்து என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை அவரைத் தூக்க வேண்டும். இடுப்பைச் சுற்றித் துண்டைக் கட்டி, முடிச்சில் இரண்டு கையையும் கோத்து, அவர் இடது கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்டி எழுப்பித் திருப்ப வேண்டும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, மறுபடி கட்டில். வேலைக்குப் போகுமுன் நாலு, வந்த பிறகு இரண்டு. பிள்ளைகள் கிடையாது. ஆள் வைத்தால் அவள் சம்பளம் அப்படியே ஆளுக்குப் போகும். போன மழைக்காலத்தில் அவள் இடுப்பில் என்னமோ பிசகியது. "ஜவ்வு நகர்ந்திருக்கு. பாரம் தூக்கவே கூடாது" என்றார் டாக்டர். அவள் சிரித்துவிட்டாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்புறம்தான் அது நடந்தது. குளியலறை வாசலில், மூன்று என்று சொல்லி எழுப்பிய நேரத்தில், இடுப்பில் யாரோ கம்பியைச் சொருகியதுபோல் இருந்தது. கையை விட்டுவிட்டாள். விட்டேன் என்றுதான் அவள் சொல்வாள். நழுவியது என்று சொல்ல வாய் வராது. விழுந்த அவருக்குப் புருவத்தில் ஐந்து தையல். அன்றைக்கு அவரைத் தரையிலிருந்து எடுக்க மாடியிலிருந்து இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. அவர்கள் வரும்வரை ஈரத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். புருஷனுக்கு மூத்தவள், கெட்டவள் இல்லை. தம்பியின் புருவத்தைப் பார்த்து முதலில் அழுதாள். அப்புறம் சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "இங்க பாரும்மா, நான் உன்னைக் குத்தம் சொல்லலை. நானா இருந்தா ரெண்டு மாசம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். ஆனா இன்னொரு தடவை விழுந்தான்னா யார் பேச்சையும் கேக்க மாட்டேன். அந்த முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். இடம் இருக்காம்."

எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னால் என்ன, அந்த வீட்டில் ஒரு சுவர்தான் நடுவில். நாத்தனார் போனதும் அவர் கூப்பிட்டார். "என்னை அங்க மட்டும் அனுப்பிடாதே."

அந்த இல்லம் அவருக்குத் தெரியும். நல்லபடியாக நடமாடிய காலத்தில் அங்கே ஒரு வாரம் குழாய் வேலை பார்த்திருக்கிறார். வரிசையாகக் கட்டில்கள். பையும் ஸ்பேனருமாக இவர் உள்ளே நுழைந்ததும் ஒரு கிழவர், "வந்துட்டியாப்பா" என்றாராம். அடுத்த கட்டிலிலும் அதே கேள்வி. அதற்கடுத்த கட்டிலிலும். இவர் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு வார வேலையை நாலு நாளில் முடித்துவிட்டு ஓடி வந்துவிட்டார். அந்த நாலு நாளும் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

"அனுப்ப மாட்டேன்" என்றாள் தராசக்கா. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியாது. அந்த வாரத்தில்தான் போனில் சிரிப்புக்காரி தென்பட்டாள். பன்னிரண்டு வாரத்தில் இரும்பு உடம்பு, ஒரு சாமானும் வேண்டாம், ஒரு சுவரும் ஒரு நாற்காலியும் போதும் என்றாள்.

"காது குத்துறாங்கக்கா" என்றாள் ரசீது போடுகிற பெண். "எங்க மாமா இப்படித்தான் ஒண்ணு வாங்கினாரு. தொப்பை அப்படியேதான் இருக்கு, பணம்தான் இளைச்சுது."

"இருபத்தொரு நாள் சும்மாதானே. பாத்துட்டா போச்சு."

முதல் வாரம் நரகம். கை தூக்க முடியவில்லை, படி இறங்க முடியவில்லை. பார்சலுக்குக் குனிந்தால் அம்மா என்று கத்தல். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். செய்யும்போதெல்லாம் ஒரே எண்ணம்: இதெல்லாம் வீண், ஒரு நாள் மறுபடியும் கையை விடத்தான் போகிறோம், அவருடைய மண்டை உடையத்தான் போகிறது. இரண்டாவது வார நடுவில் ஒரு காலை, மூன்று என்று சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். எப்போதும் மறுபடி ஒரு தடவை எண்ணினால்தான் பிருஷ்டம் கட்டிலை விட்டு எழும்பும். தற்செயல் என்று நினைத்தாள். மறுநாளும் எழுந்தார். மூன்றாவது வாரத்தில் துண்டு முடிச்சின் நுனிகூட நீளமாகத் தொங்க ஆரம்பித்தது. கைக்குப் பலம் வந்து இறுக்கிக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். டயப்பரின் ஒட்டு இன்னும் உள்ளே தள்ளிப் போய் ஒட்டியது. கம்பெனிக்காரன் அளவைப் பெரிதாக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் நாலு வாய்க்குமேல் அவர், "மத்தியானம் சாப்பிட்டதே இன்னும் செரிக்கலை" என்பார். அவள் வைத்துவிட்டுப் போன மத்தியானச் சாப்பாட்டு டப்பா துடைத்ததுபோல் காலியாகத்தான் இருக்கும். படுத்தே கிடக்கிற மனுஷனுக்கு எப்படிச் செரிக்கும் என்று விட்டுவிட்டாள்.

பார்சலை அவள் ஒரே ஒரு தடவைதான் கையில் வாங்குவாள். இவரை ஒரு நாளைக்கு ஆறு தடவை வாங்கினாள். அதில்தான் ஏமாந்தாள்.

இருபத்தோராம் நாள். மத்தியானத்துக்கு முன்னால் போன் அடித்தது. இன்றோடு இலவசம் முடிகிறது, தொடர விருப்பமா என்று கேட்டது. வாங்கிவிடலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, நம்மால் முடியும்போலிருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு வெளிச்சம். ஆனால் தனியாக அழுத்த மனசு வரவில்லை. அவர் இடது கையைப் பிடித்து, அந்த விரலாலேயே அழுத்த வைக்க வேண்டும், கிண்டல் பண்ணினாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. பக்கத்து வீட்டு வாட்ச்மேன் மத்தியானத்தில் வந்து இவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். ராத்திரியில்தான் அவருக்கு வேலை, பகலில் வீட்டில்தான் இருப்பார். இதயத்தில் ஆபரேஷன் ஆனவர், அதனால் தூக்க மட்டும் கூப்பிட முடியாது.

வாட்ச்மேன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தராசக்காவின் டப்பா. பாதிக்குமேல் தின்றாகிவிட்டது. அவள் புருஷன் தலையணையில் சாய்ந்தபடி, அவர் கை டப்பாவுக்கும் வாய்க்குமாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாங்கம்மா, இன்னைக்குச் சீக்கிரமாவா?" என்றார் வாட்ச்மேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் மெல்வதை நிறுத்திவிட்டது. "டாக்டர் மத்தியானம் சாப்பிடக் கூடாதுன்னுட்டாராமே? உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு... வீணாக்க வேணாம்னு அவர்தான் தினமும்..."

"தினமுமா?"

"மூணு வாரமா." அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்விட்டார்.

துண்டு முடிச்சு, டயப்பர் ஒட்டு, நாலு வாய்ச் சாப்பாடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தராசக்காவின் மனசில் வந்து நின்றன. அவர் கழுத்தெலும்புக்கு மேலே ஒரு குழி. தினம் அந்தக் கழுத்துக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்துத்தான் தூக்குகிறாள்.

"எத்தனை கிலோ குறைஞ்சிருக்கேன், சொல்லு பாப்போம்" என்றார் அவர். கோணிய வாயில் சிரிப்பு. "நீதான் தராசாச்சே."

அவளுக்குத் தெரிந்தது. ஏழு. கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

"இன்னும் ஒரு பத்து குறைச்சுட்டேன்னு வை, உனக்கு இடுப்பு வலிக்காது. விழ மாட்டேன். அக்காவும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பைத்தியமா உங்களுக்கு? செத்துப் போயிடுவீங்க!" கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். "நான் விடியக்காலைல எந்திரிச்சு குதிச்சது எதுக்கு? யாருக்காக?"

"நீ குதிக்கிற சத்தம் கேட்டுதான்..." அவருக்குக் குரல் குழறியது. "நீ அவ்வளவு பண்றே. நான் என் பங்குக்கு ஏதாவது பண்ண வேணாமா? என்னால வேற என்ன முடியும்?"

அவள் அடுப்படிக்குப் போய்ப் பானையில் மீதமிருந்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். பிசைந்து ஊட்டினாள். "இனிமே சாப்பிடறேன், சத்தியமா" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் வாயை வாங்கி மென்றார். இரண்டாவதும் வாங்கினார். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பிவிட்டுப் பார்த்தபோது, விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார். அவள் எப்போது எழுந்து போவாள் என்று காத்திருந்தார்.

தராசக்கா தட்டைக் கீழே வைத்தாள். இவர் சாப்பிட மாட்டார். தலைகீழாக நின்றாலும் மாட்டார். தூக்குகிறவள் அவளாக இருக்கிற வரைக்கும் மாட்டார். அவளுக்கு எத்தனை பலம் வந்தாலும், அதற்கு ஒரு படி மேலே இவர் இளைத்துக்கொண்டே இருப்பார். மூன்று மாதப் பயிற்சி முடிவதற்குள் தூக்குவதற்கு ஒன்றும் இருக்காது. அதைப் புரிந்துகொண்டபோது அவளுக்கு இருந்தது கோபமில்லை, துக்கமும் இல்லை. கால் வைக்கத் தரை இல்லாத மாதிரி ஒரு பயம்.

போனை எடுத்தாள். அவர் எதிரிலேயே, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அந்த இடம் இன்னும் இருக்கான்னு கேளுங்க."

"ஐயோ, மறுபடியும் விழுந்துட்டானா?"

"இல்லை அண்ணி. இனிமே என்னால தூக்க முடியாது. தூக்கப் போறதும் இல்லை. இந்த வாரத்துலயே சேத்துடலாம்."

நாத்தனார் என்னென்னவோ கேட்டாள். சரி சரி என்று சொல்லி வைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். இடது கை படுக்கை விரிப்பைப் பிசைந்துகொண்டிருந்தது. "அனுப்ப மாட்டேன்னு சொன்னியே" என்றார் சுவரிடம். சொன்னது உண்மைதான்.

போன் மறுபடி துடித்தது. தொடர விருப்பமா? வேண்டாம் என்பதைத் தொட்டாள். ஏன் வேண்டாம், காரணம் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்றது. நேரமில்லை, விலை அதிகம், பலனில்லை என்று மூன்று கட்டங்கள். விரலுக்கு எது பட்டதோ அதைத் தொட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் சாய்ந்தது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது, முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"என்னங்க?"

"சாப்பாடு மிச்சம் இருக்கா?"

அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் இளைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தட்டிலிருந்தது ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணி எடுத்து வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஊட்ட விடவில்லை. மார்பில் சிந்த, தாடையில் ஒட்ட, மூச்சுவிடாமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததும் அதோடு சேர்ந்து உள்ளே போனது. தட்டு காலியானதும் நிமிராமல் நீட்டினார். அவள் இரண்டு முட்டையை உடைத்துப் பொரித்துக் கொண்டுவந்து போட்டாள். அதுவும் போனது. மறுபடி நீட்டினார். மூன்று வாரப் பசியை அவள் அப்போதுதான் பார்த்தாள். ராத்திரிக்கென்று வைத்திருந்ததையும் எடுத்து வந்து போட்டாள்.