தகரக் குழாயும் நடக்கும் நட்சத்திரமும்

1

இந்தக் கதை ஒரு செங்கல்லிலிருந்து பிறந்தது. இதைவிடப் பெருமையான காரணம் ஏதாவது சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன், அகப்படவில்லை. போன வாரம் எங்கள் நாகல் நகர்த் தெருவின் தண்ணீர்க் குழாயடியில், குடங்களின் வரிசைக்கு நடுவே ஒரு செங்கல் நின்றது.

"இது யாரும்மா?" என்றேன்.

"அது பேச்சாயி சார். அடுப்பப் பாத்துட்டு வாரேன்னு போயிருக்கு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தபோது செங்கல்லையும் ஓரடி முன்னால் நகர்த்தி வைத்தார்கள். குறுக்கே புகப் பார்த்த ஒரு பித்தளைக் குடத்தைச் செங்கல்லின் சார்பில் திட்டவும் செய்தார்கள். திண்டுக்கல்லில் ஒரு செங்கல் பேச்சாயி ஆகலாம் என்றால், ஆயுள் முழுக்கப் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற நான் கதாசிரியன் ஆகக் கூடாதா? வீட்டுக்கு ஓடிவந்து பேனாவைத் திறந்தேன். (நடந்துதான் வந்தேன். ஓடினேன் என்றால்தான் உங்களுக்கு ஒரு விறுவிறுப்பு.)

2

முதல் தொடக்கம்: "1960ஆம் வருஷத்துப் புரட்டாசி அந்தி, மலைக்கோட்டையின் தோளில் செம்பட்டைப் போர்த்திக்கொண்டிருந்த வேளையில்..."

என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாறைக்கு எதுக்குங்க பட்டு?"

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "நல்லுசாமி வாத்தியாருக்கு இந்த உலகத்தில் மூன்று விரோதிகள்." இது எனக்குப் பிடித்திருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம். முதல் விரோதி, எதிர்வீட்டு உடையப்பன். சுருட்டுக்கடைக்காரர். கடை வாசலில் அவர் மாட்டியிருந்த பல்பின் வெளிச்சத்தில் பழனியில் இருப்பவர்கள் பேப்பர் படிக்கலாம். வானத்தில் பாதி நட்சத்திரம் அந்த ஒரு பல்புக்கே பயந்து ஓடிவிட்டது. இரண்டாவது விரோதி, ரிடையர் ஆனவனுக்கு வேலை இல்லை என்று நம்பும் ஊர் ஜனம். "சார் சும்மாத்தான இருக்கீக, இந்த மனுவ எழுதிக் குடுங்க." "சும்மாத்தான இருக்கீக, பிள்ளைய செத்த நேரம் பாத்துக்கங்க." ஒருத்தர் ஆட்டையே கட்டிவிட்டுப் போனார். மூன்றாவது விரோதியின் பெயரை எழுதப்போன சமயத்தில் பின்னாலிருந்து மறுபடியும் மூச்சுச் சத்தம் கேட்டதால், விரோதிகள் இரண்டு பேர்தான் என்று திருத்திக்கொள்கிறேன்.

3

இந்த நல்லுசாமி நான்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆறடி உயரம், கணீரென்ற குரல், தலை நிறைய முடி.*

(* "தலை நிறைய முடியா!" — என் மனைவி.)

நல்லுசாமிக்கு வானத்தின் மேல் ஆசை வந்தது ஓய்வு பெற்ற பிறகு. அதுவரை அவர் பாடம் நடத்தியதெல்லாம் தரையைப் பற்றி. கண்ணாடிக்கடை சௌகத் அலியிடம் கெஞ்சி இரண்டு வில்லைகள் வாங்கிவிட்டார். அவற்றைப் பொருத்த நீளமாக ஒரு குழாய் வேண்டும். வீடெல்லாம் தேடினார். மொட்டைமாடியிலிருந்து மழைத்தண்ணீர் முற்றத்து அண்டாவில் இறங்குவதற்கென்று ஒரு தகரக் குழாய் சுவரோடு சேர்ந்து நின்றது. என்ன நீளம், என்ன நேர்த்தி! பிடுங்கி, உள்ளே கரி பூசி, மாடிக் கைப்பிடிச் சுவரில் துணிக்கொடிக் கயிற்றால் கட்டியும்விட்டார்.

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் மழைக்குழாயைப் பிடுங்கி வானம் பார்க்கும் மனிதனுக்கு அவர் மனைவி ஜக்கம்மாள் என்ன செய்திருப்பாள் என்பதை இங்கே ஒரு பக்கம் எழுதி, அமைதி கருதிக் கிழித்துவிட்டேன். ஆனால் நல்லுசாமி தளரவில்லை. அந்த வானத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டி அவளை ஒரே ஒரு தடவை வாய் பிளக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த லட்சியம். சந்திரனைக் காட்டினார். "கருகிப்போன ஆப்பம் மாதிரி இருக்கு" என்றாள். வியாழனையும் அதைச் சுற்றும் நான்கு நிலாக்களையும் காட்டினார். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கண்ணாடியில நாலு தூசி ஒட்டியிருக்கு. தொடச்சிட்டுக் கூப்பிடுங்க."

4

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காக்காரன் வீட்டைவிடப் பெரிய பலூன் ஒன்றை ஆகாயத்தில் ஏவிவிட்டிருக்கிறான்; அது பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது; சூரிய வெளிச்சம் பட்டு, அந்தி இருட்டில் ஒரு நட்சத்திரம் நடந்துபோவது போலத் தெரியும். சென்னையில் தெரியும் நேரத்தைப் போட்டிருந்தான். நல்லுசாமி அட்லஸை விரித்து, சிலேட்டில் கணக்குப் போட்டு, திண்டுக்கல்லுக்கான நேரத்தைப் பிழிந்து எடுத்துவிட்டார். மலைக்கோட்டைக்கு மேலே கிளம்பும். நம் தலைக்கு மேலே வந்து, சிறுமலைப் பக்கம் போய் மறையும். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில்!

தெரு முழுக்கச் சொன்னார். உடையப்பன் வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டுக் கேட்டார்: "வாத்தியாரே, நடந்து வருதா? இல்ல வடமதுரையில பஸ் ஏறி வருதா?"

ஜக்கம்மாள் சிரிக்கவில்லை. சாம்பார்க் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இங்கேருங்க. ஐப்பசி வரப்போகுது. வெள்ளிக்கெழம ஒங்க கொழாய் வழியா அந்த நட்சத்திரத்த என் கண்ணுல காட்டணும். காட்டுனா கொழாய் ஒங்களுக்கு. இல்லேன்னா சனிக்கெழம காலையில அது சொவத்துக்குப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றார் நல்லுசாமி. நான் அவர் வாயைப் பொத்தியிருப்பேன். ஓடுகிற பொருளைக் கட்டிவைத்த குழாயால் பிடிக்க முடியாது என்பது பூகோள வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமா? தெரியவில்லை. சந்தோஷத்தில் இருந்தார்.

5

வெள்ளிக்கிழமை அந்தி. மாடியில் நல்லுசாமியும் ஜக்கம்மாளும். கீழே, பழைய மாணவர்கள் நாலைந்து பேர் தெருவில் கூடி மலைக்கோட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இங்கேதான் கதை என் கையைவிட்டுப் போனது. வேறு ஊராயிருந்தால் கும்பலைப் பார்த்து, "என்ன சண்டை?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அஞ்சு பேர் ஒரே திசையைப் பார்த்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வழியாக வந்த பேச்சாயி யாரையும் எதுவும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை அவர்களுக்குப் பின்னால் வைத்தாள். அவ்வளவுதான்! அவளுக்குப் பின்னால் ஒரு தவலை. அதற்குப் பின்னால் வாளி. பிறகு செங்கல், அரை செங்கல், ஒற்றைச் செருப்பு. தண்ணி வண்டி வருகிறது என்று அடுத்த தெருவுக்குச் சேதி போய்விட்டது. இமைப்பதற்குள் பத்தாயிரம் குடம்!

(சரி, நாற்பது. என் மனைவி எண்ணிச் சொல்கிறாள். அவள் எப்படி எண்ணினாள் என்று நீங்கள் கேட்கக் கூடாது.)

"எக்கா, வண்டி எப்ப வருமாம்?"

"வாத்தியாரு மாடியில நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. அவருக்குத் தெரியாமலா?"

"கொழாய் வச்சுல்ல பாக்குறாரு! சித்தையன்கோட்டையில கெளம்புனாலே தெரிஞ்சிரும்."

உடையப்பன் பதறிப்போய்க் கடைக்குள் ஓடித் தானும் ஒரு குடத்தோடு வந்தார்.

6

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: குழாய்க்குள் நட்சத்திரம் வந்து நின்றது, ஜக்கம்மாள் பார்த்தாள், வாய் பிளந்தாள். அருமையான முடிவு. ஆனால் நட்சத்திரம் நிற்காது. சிலேட்டுக் கணக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டாம் முடிவு: மழை கொட்டியது, எல்லாக் குடமும் நிறைந்தது, ஜனங்கள் நல்லுசாமியைத் தோளில் தூக்கி... வேண்டாம். அவர் கனம்.

மூன்றாவது முடிவில் நல்லுசாமி குழாயில் கண்ணை வைத்துக் குனிந்திருக்கிறார். மற்றொரு கண்ணை இறுக மூடியிருக்கிறார். கீழே திடீரென்று பெருங்கூச்சல். குடங்கள் உருளும் சத்தம். 'தண்ணி வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. சனியன்கள், நல்ல நேரம் பார்த்து!' என்று கண்ணை இன்னும் அழுத்திக்கொள்கிறார்.

தண்ணி வண்டி வரவில்லை. மலைக்கோட்டைக்கு மேலே

அந்த நட்சத்திரம்

வெள்ளியைக் காய்ச்சி ஊற்றிய

அது எப்படி இருந்ததென்றால்

7

மேலே நாலு வாக்கியங்கள் பாதியில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் பிழை அல்ல. அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஒருநாள் தனியாக நின்று பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் நாற்பது குடமும் ஒரு செருப்பும் நிமிர்ந்து பார்த்த அந்த அந்தியில் அது எப்படி இருந்தது? கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல முடியும். பேச்சாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். உடையப்பன், "ஏலே, கண்ணு கூசுதுடா" என்று ஓடிப்போய்த் தன் கடை பல்பைத் தானே அணைத்தாராம். ஒருத்தரும் குழாய் கேட்கவில்லை. அவரவர் கண்ணே போதுமாக இருந்தது.

ஜக்கம்மாள்? பக்கத்திலேயே நின்றவள், நல்லுசாமியை ஏன் கூப்பிடவில்லை? இந்த இடம் மட்டும் எனக்குப் பொருந்தவே இல்லை. பாத்திரப் படைப்பில் குறை என்று அடித்துவிடப் பார்த்தேன்.

"அடிக்காதீக" என்றாள் என் மனைவி. "கூப்புடணும்னு எனக்குத் தோணவே இல்ல. வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன். அம்புட்டு அழகு."

நான் பேனாவை மூடிவைத்தேன். வெளியே ஐப்பசி மழை. முற்றத்து அண்டாவில் தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் தடதடவென்று இறங்குகிறது; உள்ளே பூசிய கரி ஆறு வருஷத்தில் கழுவிப்போய், நல்ல தெளிந்த தண்ணீர்.

8

ஆகையால் மூன்றாவது முடிவை நான் முடிக்கப்போவதில்லை. உங்களிடம் விடுகிறேன். எங்கள் தெருவுக்கு வாருங்கள். பேச்சாயிக்குப் பின்னால் இடம் இருக்கிறது. குடம் இல்லையென்றால் ஒரு செங்கல்லை வையுங்கள், நீங்கள்தான் என்று ஒத்துக்கொள்வார்கள். மேலே பாருங்கள், அது கிளம்பிவிட்டது. இப்போது மாடியைப் பாருங்கள். தலையில் முடி குறைவான ஒரு மனிதர் குழாயோடு குனிந்திருக்கிறார். நான் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. என் பேச்சை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மனைவியைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கூப்பிடுங்கள். "சார்" என்றால் எந்தச் சத்தத்திலும் திரும்பிவிடுவார். பழைய பழக்கம்.

கொஞ்சம் பலமாக. அது சிறுமலைக்குப் போவதற்குள்.