நாலாம் பிளாக் பச்சை விளக்கு

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. எங்க தெருவுலயும் தெரியும், கம்பெனியிலயும் தெரியும். பேரு அழகுமீனா. எம்.புதுப்பட்டி ஊருப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல போன் எடுக்குற வேலை. ஆர்டர் கேட்டு வடக்க இருந்து கூப்பிட்டாலும் சரி, லோடு எங்கன நிக்குதுன்னு டிரைவர் கூப்பிட்டாலும் சரி, முதல்ல ஏங்கிட்டத்தான் வரும். என் தங்கச்சி பொன்மணியும் இதே கம்பெனிதான். நாலாம் பிளாக்ல புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறா. எங்களுக்கு அம்மா அப்பா இல்ல. அவளுக்கு நான், எனக்கு அவ.

கம்பெனின்னா ஒரே கட்டடம்னு நினைச்சிராதீக. கேட் பக்கத்துல ஆபீஸ். அதைத் தாண்டி தள்ளித் தள்ளி நாலு பிளாக். ஒவ்வொரு பிளாக்குலயும் சின்னச் சின்ன ரூம். நாலாம் பிளாக்கு ஓடைக்கு அங்கிட்டு, கடைசியில கிடக்கு. செல்போனைக் கேட்டுலயே வாங்கி வச்சிருவாக, உள்ள கொண்டுபோக முடியாது. அதனால ஒவ்வொரு பிளாக் வாசல்லயும் போர்மேன் மேசையில ஒரு போன் இருக்கும். இங்கன இருந்து அங்கன ஒரு சொல்லு போகணும்னா அந்தப் போன்தான் வழி.

இந்த சீசனுக்கு முந்தி பழைய போனையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, இன்டர்நெட் போன் மாட்டணும்னு மேனேஜர் மகேஷ்குமார் ஒத்தக்கால்ல நின்னாரு. விருதுநகர்ல இருந்து ஜோபின்னு ஒரு பையன் பெட்டி பெட்டியா கொண்டு வந்து இறக்குனான். நல்ல பையன், என்ன, வாயைத் திறந்தா மூடமாட்டான்.

"அக்கா, இதுல கலர் ஸ்கிரீன் இருக்கு. யார் கூப்பிடுறாங்கன்னு பேரோட வரும். நாலு பேரு ஒண்ணாப் பேசலாம். இந்தப் பட்டனை அமுக்கினா நாலு பிளாக் போனும் தானா ஸ்பீக்கர் ஆகி உங்க சத்தம் அப்படியே கேக்கும். யாரும் எடுக்கவே வேணாம்."

"கரண்டுக்கு எங்க போவ? பிளாக்குக்குள்ள பிளக் கிடையாதேப்பா."

"அதுதான்க்கா விசேஷம். நெட் வயர்லயே கரண்டும் போயிரும். ஆனா நெட் வயரைப் பிரிச்சு விடுற சுவிட்ச் பெட்டி சாதாரணமா இருந்தா ஒத்துவராது. கரண்டு குடுக்குற சுவிட்ச் பெட்டி வேணும். இந்தா இதுதான்."

கறுப்பா, சோத்துச் சட்டி மூடி கனத்துக்கு ஒரு பெட்டி. அதுக்கு வந்த வயரோ வெளிநாட்டு வயரு, பிளக் நம்ம ஊரு ஓட்டைக்குச் சேரவே இல்ல. ஜோபின் என் கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருந்த வயரை உருவி அந்தப் பெட்டியில சொருகிப் பார்த்தான். விளக்கு எரிஞ்சிச்சு. "எந்தக் கம்பெனிச் சாமானா இருந்தாலும் இந்த வால் மட்டும் ஒத்துப்போயிரும்க்கா"ன்னு சிரிச்சான். அப்புறம் என் வயரை எனக்கே திருப்பி மாட்டிட்டு, வெளிநாட்டு பிளக்குக்கு ஒரு அடாப்டர் கட்டையைக் கோத்து செவுத்துல சொருகிட்டான்.

நான் விடல. "கரண்டு போனா?"

"யுபிஎஸ்ல குடுக்கணும்க்கா. அதுல இந்தக் கட்டை ஏறல. கம்ப்யூட்டரும் நெட் பெட்டியும் கால் சேர்க்குற பெட்டியும் அதுல ஏற்கெனவே இருக்கு. இதுக்கு மட்டும் வேற வயர் கொண்டுட்டு அடுத்த வாரம் வாரேன்."

அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. மேனேஜர்கிட்ட நான் எம்புட்டுத் தடவை சொல்லிருப்பேன்! "சார், இடி இடிச்சா வாட்ச்மேன் மெயினை ஆஃப் பண்ணுவாரு. மெயின் போனா போன் போகும். போன் போனா பிளாக்குக்கு யாரு சொல்றது?" அவரு செல்லைத் தடவிக்கிட்டே, "நீ எல்லாத்துக்கும் பதறுவம்மா"ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல வாய்க்குள்ளயே நாலு வார்த்தை சொல்லிக்கிட்டேன்.

அவரு செஞ்ச கூத்து அதோட முடியல. முந்தியெல்லாம் மேகம் கறுத்தா, மின்னல்ல மருந்து பத்திக்கிடும்னு கேட்டுல பித்தளை மணி அடிப்பாக, சனம் எந்திரிச்சு வெளிய வந்துரும். 'தொட்டதுக்கெல்லாம் மணி, தொட்டதுக்கெல்லாம் வெளிய இறங்குறாக, சீசன்ல வேலை ஓடல'ன்னு மணியை இறக்கிட்டாரு. போன்ல சத்தம் வந்தாத்தான் இறங்கணும், சும்மா இறங்கினா அரை நாள் சம்பளம் கட்டுன்னு ஆர்டர். அதுக்கு ஒரு பொம்பளைக் குரலையும் பதிஞ்சு வாங்கிட்டு வந்தாரு. "அன்பான பணியாளர்களே, தயவுசெய்து பாதுகாப்பான இடத்திற்குச் செல்லவும்"னு பட்டனை அமுக்குனதும் தேன் வடியும். சரியா வேலை செய்யுதான்னு பார்க்க காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா அதைப் போட்டு விடுவாரு. முதல் நாள் எல்லாரும் விழுந்தடிச்சு வெளிய வந்தாக. அப்புறம் ஒரு ஆளு தலையைத் தூக்கல. பொன்மணி ராத்திரி சாப்பிடும்போது அந்தக் குரல் மாதிரியே, "அன்பான அக்காவே, தயவுசெய்து குழம்பு ஊத்தவும்"னு கேலி பேசுவா. நானும் சிரிச்சிக்கிட்டுத்தான் ஊத்துனேன்.

அது புரட்டாசி மாசம். மேனேஜர் லேபிள் பார்க்க திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போயிட்டாரு. சோறு சாப்பிட்டுக் கையைக் கழுவுறேன், தெக்க இருந்து மேகம் ஒரேயடியா ஏறுது. காத்து நின்னுபோச்சு. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. சரி, கூப்பிட்டிருவோம்னு போன்கிட்டப் போறேன், தூரத்துல முதல் இடி. மறு நிமிசம் ஃபேன் நின்னுச்சு. போன் ஸ்கிரீன் கறுத்துப் போச்சு.

வெளிய ஓடுனேன். வாட்ச்மேன் சங்கிலிமுத்து மெயின் போர்டை மூடிட்டு வாராரு. அவருக்கு ஒரு பழக்கம். மெயினை ஆஃப் பண்றதோட நிக்க மாட்டாரு. யாரும் தெரியாம போட்டிரக் கூடாதுன்னு பீஸ் கட்டையையும் புடுங்கிச் சட்டைப்பையில வச்சுக்கிடுவாரு. மழை விட்டு வெயில் அடிச்சாத்தான் அது வெளிய வரும்.

"அண்ணாச்சி, பீஸைப் போடுங்க! ஒரு நிமிசம் போடுங்க! நான் பிளாக்குக்குச் சொல்லணும்!"

"என்ன தாயி பேசுற? இடி நேரத்துல லைன்ல கரண்டை விடச் சொல்றியா? என் கழுத்தை அறுத்தாலும் போட மாட்டேன்."

"போன் செத்துப்போச்சு அண்ணாச்சி! போன் வந்தாத்தான் இறங்குவாக!"

அவரு முகம் வெளுத்துருச்சு. சட்டைப்பையைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நான் ஒண்ணாம் பிளாக்குக்கு ஓடுறேன் தாயி"ன்னு முட்டி வலியோட நொண்டி நொண்டி ஓடுனாரு. ஒண்ணு, ரெண்டு பக்கத்துல. போயிருவாரு. மூணாவதுக்கும் போயிருவாருன்னே வைங்க. நாலாவது? ஓடையைச் சுத்திக்கிட்டுப் போகணும். நான் ஓடுனாக்கூட போய்ச் சேருறதுக்குள்ள மேகம் மேல வந்துரும். அந்த மணி இருந்திருந்தா! அட பாவி மேனேஜரே, நீ நல்லா இருப்பியா!

ஆபீஸுக்குள்ள எங்கயோ பீப், பீப்னு சத்தம். யுபிஎஸ் கத்துது. என் கம்ப்யூட்டர் மட்டும் எரிஞ்சிக்கிட்டு இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஸ்கிரீன் எரியுது. ஸ்கிரீனுக்குக் கரண்டு வருது. அதே வாலு!

மேசைக்கு அடியில புகுந்தேன். தலையில மேசை இடிச்சது, உறைக்கவே இல்ல. ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருந்த வயரை உருவி இழுத்தேன். சுவிட்ச் பெட்டி அலமாரி மேல. வயர் எட்டல. சாண் அளவு பத்தல. வாயில வந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டே பெட்டியையே வயரோட சேர்த்துக் கீழ இழுத்து மடியில வச்சு, வெளிநாட்டு வயரைப் புடுங்கி எறிஞ்சிட்டு என் வாலைச் சொருகுனேன். பெட்டி உறுமிச்சு. விளக்கு வந்துச்சு.

ஆனா போன் உடனே முழிக்குமா? முழிக்காது. ஸ்கிரீன்ல முதல்ல கம்பெனிப் படம். அப்புறம் ஒரு கோடு மெல்ல ஓடுது. அப்புறம் காத்திருக்கவும்னு இங்கிலீஷ்ல. எனக்கு அந்தப் போனைத் தூக்கிச் செவுத்துல அடிக்கணும்போல இருந்துச்சு. "ஏ மூதேவி, முழி! முழிச்சுத் தொலை!" வெளிய பளிச்சுன்னு ஒரு மின்னல் வெட்டு. என் போன்ல நாலு பிளாக்குக்கும் நாலு விளக்கு. போன் சேர்ந்தா பச்சை, சேரலைன்னா சிவப்பு. ஒண்ணாம் பிளாக் பச்சை. மூணாவது பச்சை. ரெண்டாவது பச்சை. நாலாவது சிவப்பு.

அப்படியே நிக்குது. சிவப்பாவே நிக்குது. பொன்மணி சின்னப்பிள்ளையில காய்ச்சல்ல கிடந்தப்போகூட நான் இப்படிச் சாமியைக் கூப்பிட்டதில்ல. ஊரு மாரியம்மாளைக் கூப்பிட்டேன், பக்கத்துத் தெரு சர்ச்சு மாதாவையும் கூப்பிட்டேன்.

பச்சை!

பட்டனை அமுக்குனேன். அமுக்குனதும் "அன்பான பணியாளர்களே"ன்னு ஆரம்பிச்சிருச்சு அந்தத் தேன்குரல். அதை வெட்டி விட்டுட்டு ரிசீவரைத் தூக்கிக் கத்துனேன்:

"ஏ பொன்மணி! இது டேப்பு இல்லடி, நான் பேசுறேன், அழகுமீனா! எந்திரிங்க எல்லாரும்! போட்டது போட்டபடி கிடக்கட்டும், வெளிய ஓடுங்க! செவிடாப் போச்சா உங்களுக்கு, இடி இடிக்கிறது கேக்கல? அரை நாள் கட்டுன்னு உள்ள குத்தவச்சிருந்தா, அங்கன வந்து விளக்கமாத்தாலயே சாத்துவேன்! ஓடுங்கடி! ஓடு பொன்மணி, ஓடுடி!"

திரும்பத் திரும்ப அதையே கத்துனேன். தொண்டை கிழிஞ்சுபோச்சு. அங்க யாரு கேட்டாக, யாரு கேக்கலன்னு எனக்குத் தெரியாது. கத்திக்கிட்டே இருக்கேன், கண்ணு கூசுற மாதிரி ஒரு வெட்டு. கூடவே ஒரு சத்தம். அது இடி இல்ல. ஜன்னல் கண்ணாடி என் மேல கொட்டுச்சு. போனைப் பார்த்தேன். நாலாம் விளக்கு சிவப்பு.

எப்படி வெளிய வந்தேன்னு தெரியாது. மழை கொட்டுது. ஓடைக்கு அங்கிட்டு வெள்ளையாப் புகை எந்திரிக்குது. செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, விட்டுட்டு ஓடுனேன். ஓடைக்கரையில வேலியை ஒட்டி சனம் நிக்குது. நனைஞ்சுபோய், கையெல்லாம் மருந்தோட, நாலாம் பிளாக்கைப் பார்த்துக்கிட்டு நிக்காக. ஒவ்வொரு முகமாத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ இல்ல. இவ இல்ல. இவளும் இல்ல.

"அக்கா."

பின்னாடி நிக்கா. ஒரு வயசாளி அம்மாவைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, கடைசியா வந்து சேர்ந்திருக்கா. கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டேன். அப்புறம் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதேன்.

அவளும் அழுதா. அழுதுக்கிட்டே சொன்னா: "அந்தப் பொம்பளை சத்தம் வந்துச்சுக்கா, யாரும் அசையல. வழக்கம்போல டேப்புன்னு நினைச்சோம். அப்புறம் நீ திட்டுன பாரு... போர்மேனே துள்ளி எந்திரிச்சிட்டாரு."

நாலாம் பிளாக்குல ஒரு சுவருகூட நிக்கல. ஆளு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடி வச்சு, ஆபீசருக வந்து பார்த்துட்டுப் போய், திரும்பத் திறந்தாக. மணி பழைய இடத்துக்கு வந்துருச்சு, அந்தத் தேன்குரல் போயிருச்சு. ஜோபின் வயரோட வந்து, என் முகத்தைப் பார்க்காம மாட்டிட்டுப் போனான். மேனேஜர் ஏங்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சாரு.

"அழகுமீனா, அன்னைக்குப் பேசினியே, அதை அப்படியே போன்ல பதிஞ்சு வச்சிருவோம்மா. திட்டோட."

"அதெல்லாம் பதிஞ்சு வைக்க முடியாது சார். ரெண்டு நாள்ல அதுக்கும் காது பழகிரும். மேகம் ஏறினா நான் இருக்கேன்ல, நானே திட்டுறேன்."

நேத்து மறுபடியும் தெக்க கறுத்துச்சு. சங்கிலிமுத்து ஜன்னல்ல தலையை நீட்டுறாரு. பீஸ் கட்டையை இன்னும் புடுங்கல.

"தாயி, கூப்பிட்டாச்சா?"

"இந்தா கூப்பிடுறேன் அண்ணாச்சி."

பொன்மணி இப்ப ரெண்டாம் பிளாக். என் விரலு பழக்கத்துல நாலாம் பட்டன் மேல போயி நின்னுச்சு. அங்கன போனும் இல்ல, பிளாக்கும் இல்ல. விரலை எடுத்து மொத்தப் பட்டனை அமுக்குனேன். வாயைத் திறக்குறதுக்குள்ள ரெண்டாம் பிளாக்ல ரிசீவரைத் தூக்குற சத்தம் கேட்டுச்சு.

"எல்லாரும் வெளியதான்க்கா நிக்கோம்," பொன்மணி சொன்னா. "நீ திட்ட ஆரம்பிச்சிராத. முதல்ல நீ வெளிய வா."