மாத்திரைக்கு அடங்காத கிருமி

பிரதாப்பை லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவனுக்கு நினைவில்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்தவன், தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கென்று அக்கரப்பத்தனைக்கு வந்திருந்தான். காலையில் தலையிடி, காய்ச்சல் என்று படுத்தான். மத்தியானத்துக்குள் கழுத்து விறைத்து, கால்களில் ஊதாப் புள்ளிகள் கிளம்பிவிட்டன. டொக்டர் அவன் முதுகுத்தண்டிலிருந்து நீரை எடுத்த கையோடு ஊசி மருந்தைத் தொடங்கினார்.

அந்த நீரை ஆய்வுகூடத்தில் வாங்கியவள் ரோகினி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மலைக் குளிருக்குப் பழகிப்போனவள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தவள் உடனே டொக்டருக்குப் போன் எடுத்தாள். அவரைக் கொட்டைகளை இரண்டிரண்டாக ஒட்டவைத்தது போன்ற கிருமிகள். மெனிஞ்சோகொக்கஸ். மூளைக்காய்ச்சலில் மிகப் பொல்லாதது; பக்கத்தில் படுத்தவர்களின் தொண்டையில் ஓசையில்லாமல் குடியேறி, நேரம் பார்த்து ஆளை விழுத்துவது.

அதற்கு மேல் வேலை சப்ராஸினுடையது. அவன் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகன். கினிகத்தேனையில் வாப்பாவின் கடையில் வளர்ந்தவனாதலால் யாரோடும் பேசிச் சமாளிக்கத் தெரியும். பிரதாப் தங்கியிருந்த லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போய், அவனோடு பழகிய எல்லோருக்கும் தொண்டைக் கிருமியைக் கொல்லும் சிப்ரோ மாத்திரையைத் தன் கண்முன்னாலேயே விழுங்கவைத்தான். பிரதாப்பின் அக்கா லோஜினி மட்டும் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கு அந்த மாத்திரை ஒத்துவராதென்று நேர்ஸைக் கூட்டிவந்து ஊசி போட்டான்.

"இனிப் பயப்பட ஒண்ணுமில்லீங்க," என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தான். அந்தச் சொல்தான் பின்னால் அவன் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

ரோகினி கூப்பிட்டு அனுப்பியபோது, அவள் மேசையில் கிருமி வளர்க்கும் தட்டின் படமொன்று கணினித் திரையில் பெரிதாகக் கிடந்தது. பிரதாப்பின் கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து ஊறிய சின்னக் காகித வட்டங்களை வைத்திருந்தாள். ஊசி மருந்து வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் அகலமான வெளி. சிப்ரோ வைத்த இடத்திலோ, வட்டத்தின் ஓரம்வரை கிருமி மண்டிக் கிடந்தது.

"சிப்ரோ இதுக்குக் கேக்கேல்லை," என்றாள்.

"மருந்து வட்டம் பழசா இருக்கும் மிஸ்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அடங்கும் எண்டு தெரிஞ்ச வேறை கிருமியிலையும் அதே வட்டத்தை வைச்சுப் பாத்தன். வடிவா வேலை செய்யுது. கண்டியில இருக்கிற நுண்ணுயிரியல் டொக்டரோடையும் கதைச்சிட்டன். பிழை வட்டத்தில இல்லை."

சுகாதார வைத்திய அதிகாரி சிவராசா நிதானமான மனிதர். கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து உறுதி வரும்வரை பொறுக்கலாமா என்று யோசித்தார். ரோகினி பொறுக்கத் தயாரில்லை. மருந்து எடுத்த எல்லோரின் தொண்டையிலிருந்தும் மாதிரி எடுத்துத் தாருங்கள், அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்றாள்.

சப்ராஸுக்கு எரிச்சலாக வந்தது. தான் கொடுத்த மருந்தைத் தானே சந்தேகப்படுவதா? ஆனாலும் கிளம்பினான். வாசலில் அவன் ஐஸ் பெட்டியைத் தூக்கியதைக் கண்டு ரோகினி ஓடிவந்தாள்.

"ஐயோ, அதுக்குள்ள வையாதையுங்கோ! தடுப்பூசி மாதிரி இல்லை இது. குளிர்பட்டா வழியிலயே செத்துப்போகும். சட்டைக்குள்ள வைச்சுக் கொண்டுவாங்கோ."

அக்கரப்பத்தனையில் மழை பிடித்திருந்தது. லோஜினியின் புருஷன் சின்னத்தம்பி வாயைப் பிளந்தபடி, "தொண்டயில குச்சிய விட்டு என்னாத்தங்க தேடுறீங்க? நேத்து குடிச்ச கஞ்சியயா?" என்று சிரித்தான். சப்ராஸ் குழாய்களைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து, மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கோழிக்குஞ்சைக் காப்பாற்றுகிறவன் போல மோட்டார் சைக்கிளில் இறங்கினான்.

முடிவு வந்தபோது அவன் அதை இரண்டு தரம் படித்தான். மாத்திரை குடித்த பலரின் தொண்டையில் கிருமி உயிரோடு இருந்தது. சின்னத்தம்பியின் தட்டில் பளபளவென்று வளர்ந்திருந்தது. அதே பாயில் படுக்கும் லோஜினியின் தட்டு வெறுமை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குப் போட்டது ஊசி.

சிவராசா படங்களை மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு மேல என்னத்தைப் பொறுக்கிறது? எல்லாருக்கும் ஊசி போடுங்கோ," என்றார்.

ஆனால் லயத்துக்குப் போய் என்ன சொல்வது? சப்ராஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். "இது ரெண்டாவது டோஸ் எண்டு சொல்லிருவோம் மிஸ். சனம் குழம்பாது."

ரோகினி அவனைக் கோபமில்லாமல் பார்த்தாள். "பொய்யெண்டு தெரிஞ்சால் அடுத்த முறை காய்ச்சல் வரேக்க எங்களிட்ட வராயினம், சப்ராஸ். நானும் வாறன். உள்ளதைச் சொல்லுவம்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்தெடுக்கப் போகுமுன் ஆட்கள் கூடினார்கள். சப்ராஸ் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து முன்னால் வந்தார்.

"அன்னைக்கி பயமில்லன்னீங்க. இன்னைக்கி அந்த மாத்திர கேக்கலங்கிறீங்க. தோட்டத்து ஆளுங்கதானேன்னு ஆகாத மருந்த குடுத்துட்டீங்களா?"

சப்ராஸ் தலை குனிந்தான். ரோகினி குனியவில்லை. கைபேசியில் இருந்த படத்தை அவரிடம் நீட்டினாள்.

"நல்ல மாத்திரைதான் ஐயா. கொழும்பிலயும் இதைத்தான் குடுக்கிறவை. ஆனா இந்தக் கிருமி அதுக்குத் தப்பப் பழகிட்டுது. வளத்துப் பாக்காமல் ஒருத்தருக்கும் தெரியவராது. தெரிஞ்ச உடனை வந்திருக்கிறம்."

அழகுமுத்து படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். "சரி, நாளைக்கி இந்த ஊசியும் கேக்கலன்னா?"

"அதையும் சோதிச்சுப் பாத்திட்டுத்தான் வந்தனான். இஞ்ச பாருங்கோ, இந்த வெளியை. ஊசி போட்ட பிறகும் திரும்ப வந்து உங்கட தொண்டையைப் பாப்பன்."

கூட்டம் முணுமுணுத்தது. அப்போது லோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு ஊசி போட்டாங்க, எந் தொண்ட சுத்தமா இருக்குதாம். இவருக்கு மாத்திர குடுத்தாங்க, இன்னும் கெடக்குதாம். இதுக்கு மேல என்னா பேச்சு? மொதல்ல இவருக்கு போடுங்க மிஸ்!" என்று புருஷனின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். சின்னத்தம்பி தடுமாறி, ஊசியோடு காத்திருந்த நேர்ஸின் முன்னால் போய் நின்ற விதத்தில் களமே சிரித்தது. அழகுமுத்து தானாகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் இரண்டாவதாக நின்றார்.

அதன் பிறகு அந்த லயத்தில் ஒருவரும் விழவில்லை. ரோகினி சொன்னபடியே திரும்பப் போய்த் தொண்டைகளைப் பார்த்தாள், கிருமி போயிருந்தது. பிரதாப் பிழைத்தான். ஒரு காது கேட்காமல் போனது. லயத்தில் இருந்த அவன் தங்கச்சிமார் கேட்கிற காதின் பக்கம் போய் நின்று பேசப் பழகிக்கொண்டார்கள்.

ரோகினி அனுப்பிய கிருமியைக் கொழும்பு ஆய்வுகூடம் சோதித்து, அவள் கண்டது சரியென்று எழுதியது. மாகாணத்து அலுவலகங்களுக்கெல்லாம் அந்தச் செய்தி போயிற்று. மழைக்காலம் முடிகிற தறுவாயில், உடப்புசல்லாவையில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவன் சப்ராஸிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: அங்கே ஒரு பெண்ணுக்கு அதே காய்ச்சலாம். வீட்டாருக்கு மாத்திரையைத் தொடாமல் நேரே ஊசியே போட்டார்களாம். எல்லோரும் சுகமாம்.

சப்ராஸ் அதைக் கேட்ட கையோடு ஆய்வுகூடத்துக்குப் போனான். கண்ணாடிக் கூண்டுக்குள் கைகளை விட்டு வேலையாக இருந்த ரோகினி முடித்து வரும்வரை காத்து நின்று, நடந்ததைச் சொன்னான்.

"அந்த ஆக்களுக்கு உங்கள யாருண்டே தெரியாது மிஸ்."

ரோகினி முகக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. அதை மறைக்க அவள் முயலவே இல்லை.

"அவைக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுமே!" என்றாள். "திரும்ப ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்கோ. எத்தினை பேராம் அந்த வீட்டில?"

சப்ராஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.