ஓட்டுகிறவர் எடைக்கு ஒரு மூட்டை

கண்ணாடிக்காரர் கட்டிய காருக்கு வயது இரண்டு மாதம்தான். பார்த்தால் அறுபது வயது சொல்லலாம். நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. அந்தக் காலத்துப் பந்தயக் கார் மோஸ்தரில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இறங்க, வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூன்று வருடம் மல்லாந்து படுத்து அவரே முடுக்கியது. பகலில் கடையில் ஊராருக்குக் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிற மனிதர். அதனாலோ என்னவோ, தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அவர் மனைவி தையல்காரி. மெஷின் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல் வரும், தைக்க உட்கார்ந்தால் துணியில் எண்ணெய்க் கறை படியும். வீட்டில் காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரே இடம் கொட்டகை. அதில் கார் கால் நீட்டிப் படுத்திருந்தது. மூன்று வருடம் பொறுத்தவள், கார் முதல் முறை தெருவுக்குப் போய் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு திரும்பி வந்த அன்று வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு இதுலயே போவோம். வண்டி நேரா போச்சுன்னா கொட்டாய் உங்களுது. கோணிக்கிட்டுப் போச்சுன்னா என் மெஷின் உள்ள போகும், வண்டி தெருவுக்கு வரும்."

"கோணலா நேரான்னு யார் சொல்றது?"

"நான்தான். தினம் நேர் தையல் போடறவ நானா நீங்களா?"

கொட்டகை போனால் கார் வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்கும். தோல் இருக்கையில் பூனை படுக்கும்.

இழுப்புக்குக் காரணம் முன் ஸ்பிரிங்தான். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் மரை வெட்டிய ஒரு வளையம். வளையத்தை மேலே திருகினால் அந்தப் பக்கம் வண்டி தூக்கும், கீழே திருகினால் இறங்கும். ஆனால் இருக்கையில் ஆள் இருக்கும்போது அளந்தால்தான் அது அளவு. அத்தனை லேசான வண்டி, ஏறுகிற ஆளைப் பொறுத்துச் சாயும்.

"கொஞ்ச நேரம் வந்து உக்காரேன்" என்று கூப்பிட்டார்.

"பள்ளிக்கூட யூனிபார்ம் அத்தனையும் நாளைக்குக் கொடுக்கணும். வேற ஆளப் பாருங்க."

"சரி, உன் எடையாவது சொல்லு."

"அறுபத்திரண்டு" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடியே.

கண்ணாடிக்காரர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார். இவளாவது உள்ளதைச் சொல்வதாவது. பத்து கிலோ கூட்டிக்கொண்டார். குளியலறைத் தராசைக் கொண்டுவந்து, மணல் மூட்டைகளை நிறுத்து, அவள் இருக்கையில் எழுபத்திரண்டு கிலோ ஏற்றினார். தன் இருக்கைக்கு அறுபத்தைந்து. தராசு காலடியிலேயே கிடந்தும் தான் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எதற்குத் தோன்ற வேண்டும்? கல்யாணத்துக்கு மனைவி கையால் தைத்த பேண்ட் இன்றைக்கும் அவர் இடுப்பில் கச்சிதமாக நிற்கிறது. அந்தப் பேண்டைப் போடுகிற நாளெல்லாம் நிலைக்கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். சகலையைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லியும் காட்டுவார். சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். வருடத்துக்கொரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போகிறவர்.

மூட்டைகள் ஏறிய பின் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மட்கார்டுகளின் உயரத்தையும் அளந்தார். வளையங்களைத் திருகித் திருகிச் சமமாக்கினார். மனைவியின் நூல்கண்டைக் கேட்காமல் எடுத்துச் சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்து, முன்சக்கரம் நேராக நிற்கிறதா என்றும் பார்த்தார். இனித் தலைகீழாக நின்றாலும் இந்த வண்டியில் யாரும் குறை காண முடியாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பேண்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மனைவியும் ஏறினாள். பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து முன்பலகையின் நடுவில் வைத்தாள். தெரு முனை வருவதற்குள் அது உருண்டு அவர் மடியில் விழுந்தது.

"ரோடு சரிவு" என்றார்.

அவள் எடுத்து மறுபடி நடுவில் வைத்தாள். பெரிய சாலையில் மறுபடி விழுந்தது.

"இந்த ரோடும் சரிவுதான்."

"எல்லா ரோடும் உங்க பக்கமாவே சரியுதே" என்றாள் அவள்.

முன்பு இடது பக்கம் இழுத்த வண்டி இப்போது வலது பக்கம் இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் வலது டயர் மட்கார்டில் உரசி, கறுகிய ரப்பர் நாற்றம் வந்தது. அவர் அதைக் காதிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளாமல் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சகலையின் கடை வாசலில் நிறுத்தியபோது உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

சகலை வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வாங்க சகலை. நேரா நம்ம கடைக்கே கொண்டாந்துட்டீங்க. இறக்கிடலாமா?"

"விளையாடாதீங்க சகலை. ஸ்பிரிங்ல சின்னக் குறை."

"ஸ்பிரிங்கா? வண்டி உங்க பக்கமா இல்ல படுத்திருக்கு?"

கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்தது. "நான் கணக்கா மூட்டை வச்சு அளந்தது சகலை. சொன்ன எடை தப்பா இருந்தா நான் என்ன பண்றது?" என்று சொல்லி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எனக்கு எவ்வளவு வச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எழுபத்திரண்டு."

"நான் அறுபத்திரண்டுன்னு சொன்னேனே."

"அது... பொதுவா பொம்பளைங்க..."

கடைக்குள் இரும்பு நிறுக்கிற மேடைத் தராசு இருந்தது. நேராகப் போய் அதில் ஏறி நின்றாள். முள் அறுபத்திரண்டில் போய் நின்றது. கீழே இறங்கி, "நீங்க ஏறுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு? நான் அறுபத்தஞ்சு. பேண்டே சொல்லுதே."

"ஏறுங்க."

ஏறினார். முள் அறுபத்தைந்தைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுபதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி, எண்பத்து மூன்றில் வந்து மூச்சு வாங்கியது.

"உங்க தராசுல கோளாறு" என்றார் கண்ணாடிக்காரர்.

சகலை அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். முள் அதே எண்பத்து மூன்று. சகலை முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அப்ப இந்தப் பேண்ட்?" கண்ணாடிக்காரர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இது எப்படி ஏறுது?"

மனைவி தரையைப் பார்த்தாள். "வருஷா வருஷம் நான்தான் பிரிச்சு விடுறேன். உள்மடிப்புத் துணி தீந்த பின்னாடி பின்பக்கம் ஒட்டுத்துணி வச்சுத் தச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கண்ணாடி முன்னால நின்னு ஒரு சுத்துச் சுத்துவீங்களே, அது எனக்குப் பிடிக்கும். சொன்னா நின்னுடும்."

கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. எண்பத்து மூன்றைவிட அந்தப் பத்து கிலோதான் அதிகமாகக் கனத்தது. அவள் உள்ளதைச் சொல்லியும் நம்பாத மனுஷன், தன் விஷயத்தில் ஒரு பேண்டை நம்பியிருக்கிறார்.

"ஸ்பேனர் இருக்கா?" என்றாள் அவள். "இங்கயே சரி பண்ணுங்க. நான் உக்கார்றேன்."

"என் இடத்துக்கு மூட்டை வேணுமே."

சகலை தொண்டையைக் கனைத்தார். பிறகு மாப்பிள்ளைக் களையோடு நடந்து வந்து ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி கண்ணாடிக்காரர் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவே இறங்கியது. உட்கார்ந்த கையோடு ஹார்னையும் ஒருமுறை அடித்துப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தரையில் படுத்து வளையத்தைத் திருகினார். மனைவி இருக்கையில் இருந்தபடியே அளவு நாடாவை நீட்டினாள்.

"இந்தாங்க. இதுல அளங்க. இது யார் பேச்சையும் கேக்காது."

திரும்பி வரும்போது நூல்கண்டு முன்பலகையின் நடுவிலேயே இருந்தது. டயர் உரசவில்லை, ஸ்டீயரிங் இழுக்கவில்லை. வீட்டு வாசல் வரை நூல்கண்டை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தவள், "நேராத்தான் வந்துச்சு. கொட்டாய் உங்களுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் போகிற வழியில் கொட்டகையின் பெரிய ஜன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நினைத்திருந்தவர் மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த ஜன்னலைப் பார்த்தார்.

அன்றிரவு பேண்டைக் கழற்றி உட்புறம் திருப்பினார். இடுப்புப் பட்டையின் பின்னால் ஒட்டுத்துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்று யூனிபார்ம் நீலம், ஒன்று திரைச்சீலை, ஒன்று அவருடைய பழைய சட்டையின் கோடு. வெளியே ஒரு தையலும் தெரியவில்லை.

காலையில் மனைவி எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேசைப் பக்கம் காலியாக இருந்தது. மெஷின் கொட்டகை ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்றது. கார் தெருவில் நின்றது, அதன்மேல் ஒரு பழைய படுதா. கண்ணாடிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் அவ்வளவு கனம்.

"நேராத்தானே வந்துச்சு?" என்றாள் அவள்.

"போகும்போது கோணல்தானே?" என்றார் அவர்.

அவள் கொட்டகைக்குள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வாரம் கழித்து, கடையிலிருந்து திரும்பியவர் கண்ணில் புது உறை போட்ட கார் பட்டது. கெட்டித் துணி. மூக்கு, விளக்கு, மட்கார்டு எல்லாவற்றிலும் உறை உடம்போடு ஒட்டி நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் துணி கொஞ்சம் தொளதொளவென்று தொங்கியது.

"இந்தப் பக்கம் அளவு கூடிப்போச்சே" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அவள் மெஷினை மிதித்தபடியே. "எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் உள்மடிப்பு விட்டுருக்கேன்."