செருமல்

ஒலிபெருக்கியின் மேல் மைனா எச்சம் காய்ந்து கிடந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது. மீதியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுக் கம்பத்திலிருந்து இறங்கினாள். இன்னும் வானம் வெளுக்கவில்லை. சேறு கணுக்கால் வரை இழுத்தது.

"நாம அதுங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருக்கோம், அக்கா," என்றான் கரையில் நின்ற சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்டவன். இருவரும் ஒரே இலாகாவில் களப்பணி. இந்தச் சதுப்பு அவர்கள் பொறுப்பு.

முன்பு இது சூளைக்கு மண் எடுத்த பள்ளம். பிறகு குப்பை கொட்டினார்கள். இலாகாக்காரர்கள் குப்பையை வாரி, வடிகாலை அடைத்து, மதகு வைத்து, நாணலைக் கையால் நட்டார்கள். தண்ணீர் நின்றது. மீன் வந்தது. கொக்கு வந்தது. நாணற்கோழி மட்டும் வரவில்லை. ஆனால் அதன் பெயரில்தான் இந்த நிலத்தை இலாகாவுக்கு விட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பருவத்திலும் அது கூவாவிட்டால் மதகைத் திறந்து நீரை வடித்து, நிலத்தைக் கிடங்கு கட்டக் கேட்பவர்களிடம் ஒப்படைப்பது என்று முடிவாகியிருந்தது. பருவம் முடியப் போகிறது.

கோழியை வரவழைக்கக் கம்பத்தில் வைத்த ஒலிபெருக்கி கூவியது. ஏறி ஏறி வந்து கடைசியில் சரியும் குரல். அந்தச் சரிவின் மேலேயே ஒரு மனிதன் தொண்டையைச் செருமினான். அவள் கணவன்.

அவன் இலாகாவில் ஒலிப்பதிவு செய்தவன். வேறொரு சதுப்பில் இந்தக் குரலைப் பிடித்தான். அந்தச் சதுப்பின் மேல் இப்போது விமானம் இறங்குகிறது. இவ்வளவு சுத்தமான பதிவு வேறு யாரிடமும் இல்லை. செருமலை எடுத்தால் கடைசிச் சுரமும் போய்விடும் என்று அப்படியே விட்டான். கோழி கூவுது, சேவல் செருமுது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். என் சத்தத்துக்குப் பயந்துதான் வரலையோ என்னவோ என்று வீட்டில் மட்டும் சொல்வான்.

போன மழைக்காலத்தில் அவன் இறந்தான். மகள் வீட்டிலிருந்த அவன் பதிவுகளையெல்லாம் வாங்கிப் போய்க் கேட்டாள். தவளை, மழை, சிறகு. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவன் வேலை. அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசலையாம்மா என்று கேட்டாள். கம்பத்தில் ஓடும் பதிவைப் பற்றி இவள் சொல்லவில்லை. ஒரு செருமலை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை.

நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

சோடாபுட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இருவரும் அசையவில்லை. மறுபடி வந்தது. ஏறி, ஏறி, சரிந்தது. காற்று நாணலை உரசியதில் முடிவு கேட்கவில்லை.

"ஸ்பீக்கரை நிறுத்து."

"அப்பவே நிறுத்திட்டேன், அக்கா."

அவன் ஃபோனில் பதிவு செய்தான். உடனே மேலதிகாரி மேடத்தை அழைத்தான். வந்துடுச்சு மேடம், வந்துடுச்சு என்பதற்கு மேல் அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போனதும் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பிறகுதான், யாரிடம் சொல்ல நினைத்தோம் என்பது உறைத்தது.

காற்று நின்றிருந்தது. மூன்றாவது முறையும் கூவியது. சரிவில், மெல்ல, வறட்சியாக, தொண்டையைச் செருமியது.

வெளிச்சம் வந்தபோது நாணல் நுனியில் மைனா உட்கார்ந்திருந்தது. மஞ்சள் மூக்கு. எந்த ஊரிலும், எந்தத் தகரக் கூரையிலும் இருக்கும் மைனா.

சோடாபுட்டி தன் பதிவைப் போட்டுக் கேட்டான். மறுபடியும் கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"கடைசியில கொஞ்சம் வெட்டிட்டா போதும், அக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவரே அதை வெட்டல."

"கோழி இல்லாட்டிப் போகுது. தண்ணி இருந்தா மத்ததாவது பொழைக்கும்ல?"

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மேடம் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, அலுவலகச் செருப்போடு சேற்றில் நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பு. வழியெல்லாம் யார் யாருக்கோ ஃபோனில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கே, எங்கே என்று கிசுகிசுத்தார். யாரும் கை காட்டவில்லை. மைனா தானாகவே கூவியது. செருமியது.

மேடத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அனாதையாக நின்றது. அவள் கணவனோடு ஒரே அறையில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர்.

"அவர்தானே?" என்றார்.

அவள் தலையசைத்தாள்.

மேடம் தண்ணீரைப் பார்த்தார். நாணலைப் பார்த்தார். சோடாபுட்டியின் கையிலிருந்த ஃபோனையும் பார்த்தார். "நான் என்ன எழுதட்டும்? நீயே சொல்லு."

சோடாபுட்டி அவளைப் பார்த்தான். அவன் உதடு அக்கா என்று அசைந்தது. தூரத்தில் கொக்கு ஒன்று இறங்கி, ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு நின்றது.

"மைனான்னு எழுதுங்க, மேடம்."

புதன்கிழமை மதகைத் திறப்பார்கள் என்று சொல்லிவிட்டு மேடம் போனார். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனியவில்லை. சோடாபுட்டி எடுத்துக் கழுவி, பின்னாலேயே கொண்டு போனான்.

அவள் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கியைக் கழற்றினாள். ஒரு மறையாணி துருப்பிடித்திருந்தது. அதைத் திருகி எடுப்பதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு கரையேறும்போது திரும்பிப் பார்த்தாள். மைனா வெறும் கம்பத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கூவியது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மறுபடி கூவியது.

கரைக்கு அப்பால், சாமான் கொட்டகையின் தகரத்திலிருந்து, இன்னொரு மைனா பதில் சொன்னது. அதற்குக் கூவத் தெரியவில்லை. செருமியது மட்டும்.