இண்டூர் கம்பி

சட்டசபை மெம்பர் ராஜப்பனுக்குப் பயமே கிடையாது என்று தர்மபுரிப் பக்கம் ஒரு பேச்சு. நாற்பத்திரண்டில் தடியடிக்கு முதுகைக் கொடுத்தவர், ஒன்பது மாதம் ஜெயிலில் கிடந்தவர். அந்தப் பெயரை வைத்துத்தான் நாற்பத்தாறில் ஜெயித்துச் சென்னைக்குப் போனார்.

ஆனால் மின்சாரக் கம்பியைக் கண்டால் மட்டும் அவருக்குப் பயம். அது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

நாற்பத்தேழு ஐப்பசியில் இண்டூரில் ஒரு கம்பி தாழ்ந்து தொங்கி, பச்சியப்பன் என்ற குடியானவன் வரப்பிலேயே செத்துக் கிடந்தான். போய்ப் பார்த்த ராஜப்பனுக்கு அந்தக் கறுத்துச் சுருண்ட விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சட்டசபையில் கேள்வி போட்டார். கம்பி ஒரு தனியார் கம்பெனியுடையது. அதன் லைசென்ஸை நீட்டிக்கலாமா என்று பார்க்க சர்க்கார் கமிட்டி அமைத்து, அவரையே தலைவராக்கியது.

கமிட்டி இண்டூருக்கு வந்த அன்று காலையிலிருந்தே தூறல். முந்தின நாள் காற்றில் அதே கம்பி மறுபடியும் இடுப்பளவுக்குத் தொங்கியிருந்தது. ஊரே வரப்பில் நின்றது.

கம்பெனி மானேஜர் மாரியப்பன் சிரித்தார். "லைன ஆஃப் பண்ணிட்டோமுங்க. அன்னிக்கும் ஆஃப்தான். அந்தாளு எப்படிச் செத்தானோ, எங்களக் குத்தஞ் சொல்றாங்க. நீங்களே தொட்டுப் பாத்து எழுதிக்குங்க. உங்களுக்கென்ன பயமா?"

ஊர் முழுக்க ராஜப்பன் முகத்தையே பார்த்தது. அவருக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஆனாலும் கை தானாக நீண்டது.

"தொடாதீங்க சாமி!" பச்சியப்பனின் மனைவி குள்ளம்மாள் கத்தினாள். "எங்க வூட்டுக்காரர்கிட்டயும் கம்பெனிக்காரங்க இப்படித்தாஞ் சொன்னாங்க. ஆஃப்னு நம்பித்தான் கைய வெச்சாரு!"

ராஜப்பன் கையை இழுத்துக்கொண்டார். "எனக்குப் பயமாத்தான் இருக்குது மானேஜர். நீங்க மொதல்ல தொடுங்க."

"அதுக்கென்ன..." என்ற மாரியப்பன் கம்பியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

கம்பெனி லைன்மேன் ஆண்டி, மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு சங்கிலியின் ஒரு முனையை மண்ணில் புதைத்து, மறுமுனையை நனையாமல் வைத்திருந்த காய்ந்த மூங்கில் கழியால் தூக்கிக் கம்பிமேல் போட்டான். பட்டென்று நீலத் தீ வெடித்தது. கூட்டம் அலறிக்கொண்டு கலைந்தது. ராஜப்பன் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மாரியப்பனின் முகமும் வெளுத்திருந்தது. அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எந்த லைன் ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதை நினைக்கையில்தான் ராஜப்பனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் சட்டசபையில் எழுந்து, நடந்ததை அப்படியே சொன்னார். "பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்" என்றதும் சிலர் சிரித்தார்கள். "என் கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது" என்றதும் சிரிப்பு நின்றது.

அந்த வாரமே கம்பெனி ஆண்டியை வேலையை விட்டு நீக்கியது. அவனைத் திரும்பச் சேர்க்கும்வரை ராஜப்பன் கமிட்டி அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. லைசென்ஸ் இரண்டே வருஷத்துக்குக் கிடைத்தது. லைன் நிறுத்தப்பட்டதாக எழுத்துச் சீட்டு கையில் வராமல் ஒருவரும் கம்பியைத் தொடக்கூடாது என்று அதில் முதல் நிபந்தனையாகச் சேர்த்தார்கள்.